வேளாண் தொழிலை எண்ணும் இளையோருக்கான பன்னிரண்டு வாரப் பயிற்சி: ஒரு தாயின் மதிப்பீடு

பள்ளி இறுதித் தேர்வு முடிந்து, அடுத்து என்ன படிப்பது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், வேளாண் கல்வியையும் அதைச் சார்ந்த தொழில்களையும் அறிமுகப்படுத்தும் பன்னிரண்டு வார இணையவழிப் பயிற்சி ஒன்றில் என் மகளைச் சேர்த்தேன். பெற்றோரில் ஒருவர் உடன் அமர்ந்து கேட்கலாம் என்று விதியில் இருந்ததால், பன்னிரண்டு வாரமும் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இருபது ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறவள் நான். பாடம் எங்கே மாணவரைத் தொடுகிறது, எங்கே தலைக்கு மேலே போகிறது என்பது ஓரளவு தெரியும். இதே வார்ப்பில் இப்போது பல பயிற்சிகள் வந்திருப்பதால், எதில் சேர நினைப்பவருக்கும் இந்த மதிப்பீடு உதவ வேண்டும் என்று கருதி, இந்த ஒன்றின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

வாரம் மூன்று பாடக் காணொளிகள், வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு செய்முறை, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை நேரலைக் கேள்வி நேரம், அஞ்சலில் வந்து சேரும் ஒரு செய்முறைப் பெட்டி, இறுதியில் தொழில் ஆலோசகருடன் அரை மணி நேர உரையாடல் என்பதே இதன் அமைப்பு.

விவசாயம் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளை, உடல் வணங்காதவர்கள், மண்ணை மிதிக்கக் கூசுகிறவர்கள் என்று பெரியவர்களாகிய நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் வகுப்பறை எனக்குக் காட்டியது வேறு. செடி வளர்க்கும் செய்முறை என்றால் முதலில் கை தூக்குகிற பிள்ளைகளேதான், மேற்படிப்புக்கான படிவத்தில் வேளாண்மையைக் கடைசி வரியில் எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களிடம் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. வருமானம் மாதாமாதம் வராது, விலை நம் கையில் இல்லை, வேறு எதுவும் கிடைக்காதவர்கள் போகிற படிப்பு என்று பிறர் நினைப்பார்கள், வீட்டில் ஒப்ப மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக எங்களிடம் நிலம் இல்லை என்கிறார்கள். இவற்றில் எதுவும் மண்ணின் மீதுள்ள வெறுப்பு இல்லை. ஆகவே, இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறதா என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டுதான் இந்தப் பயிற்சியைப் பார்த்தேன்.

முதல் வாரம் புள்ளிவிவரங்களோடு தொடங்குகிறது. அமெரிக்காவில் 2022இல் எடுக்கப்பட்ட வேளாண் கணக்கெடுப்பின்படி பண்ணை நடத்துவோரின் சராசரி வயது 58.1. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020இல் பண்ணைகளை நடத்தியவர்களில் 40 வயதுக்குக் குறைந்தோர் ஏறத்தாழ 12 விழுக்காடு மட்டுமே; பாதிக்கு மேற்பட்டோர் 55 வயதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். இந்த எண்களைத் திரையில் காட்டிவிட்டு, முதியவர்கள் ஓய்வுபெறும்போது இளையோருக்கு இடம் காலியாகும் என்று பயிற்றுநர் மகிழ்ச்சியோடு சொல்கிறார். அலுவலகத்தில் ஒருவர் ஓய்வுபெற்றால் நாற்காலி காலியாகும், உண்மைதான். நிலம் அப்படிக் காலியாவதில்லை. அது வாரிசுக்குப் போகும், அல்லது ஏற்கெனவே நிறைய நிலம் வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்குப் போகும். முதல் வாரத்திலேயே எழுந்த இந்த ஐயம் கடைசி வரை தீரவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் வாரம் வேளாண் கல்வியின் வரலாறு. வறட்டுப் பாடமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன், நன்றாகவே செய்திருக்கிறார்கள். பயிருக்குத் தேவையான சத்துகளில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற விதியை, உயரம் குறைந்த ஒரு பலகை கொண்ட மரப்பீப்பாயின் படத்தோடு விளக்குகிறார்கள். அந்த விதியை முதலில் சொன்னவர் ஜெர்மன் அறிஞர் கார்ல் ஸ்பிரெங்கல், அதை உலகறியச் செய்தவர் அதே நாட்டு வேதியியலாளர் லீபிக் என்ற வேறுபாட்டையும் விடாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் தொடர்கிறது என்பதைக் கேட்டு என் மகள் காணொளியை நிறுத்தி, ஆண்டுகளை விரல் விட்டு எண்ணினாள்.

அந்த வாரத்தில் வரும் இன்னொரு செய்தி இளையோரின் மனப்போக்கோடு நேரடியாகத் தொடர்புடையது. அமெரிக்காவில் வேளாண் கல்வி பயிலும் பள்ளி மாணவர்களுக்காக 1928இல் ஓர் அமைப்பு உருவானது. அமெரிக்காவின் வருங்கால உழவர்கள் (ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா) என்பது அதன் பெயர். 1988இல் அந்தப் பெயரை மாற்றி, முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, தேசிய எஃப்.எஃப்.ஏ. அமைப்பு என்று ஆக்கினார்கள். உழவு மட்டுமே வேளாண்மை என்ற எண்ணத்திலிருந்து விலகி, ஆய்வு, வணிகம், பொறியியல், கற்பித்தல் என்று விரிந்துவிட்ட துறையை அந்தப் பெயர் முழுமையாகக் காட்டவில்லை என்பது காரணம். பயிற்சி இதை ஒரு வெற்றிச் செய்தியாகச் சொல்கிறது. துறை விரிவானது என்பதை மாணவர் அறிய வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேளாண்மைக்கு ஆள் சேர்க்க நினைக்கும் ஒவ்வொருவரும் உழவர் என்ற சொல்லைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மனம் கனத்தது.

செய்முறைப் பெட்டிதான் இந்தப் பயிற்சியின் உயிர். மூடியுள்ள உயரமான கண்ணாடிக் குடுவை, கார அமில நிலை பார்க்கும் தாள்கள், ஐம்பது பயறு விதைகள், ஒரு பருத்தித் துணி, ஒரு கைலென்ஸ், கோடிட்ட தடித்த குறிப்பேடு ஆகியவை அதில் இருந்தன. முதல் செய்முறையில், குடுவையின் மூன்றில் ஒரு பங்குக்கு மண்ணை இட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து, மூடி, ஐந்து நிமிடம் ஓங்கிக் குலுக்கி, அசையாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் வண்டல் படிகிறது. களித்துகள் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகிறது. அதுவரை தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். இரண்டாம் நாள் காலையில் அளவுகோலை வைத்து அளந்தாள்: மொத்தம் 9 செ.மீ., அதில் மணல் 4.5, வண்டல் 2.7, களி 1.8. விழுக்காட்டுக்கு மாற்றி, பெட்டியோடு வந்த முக்கோண வரைபடத்தில் புள்ளி வைத்தபோது, மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த, பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்ற மண் என்று வந்தது. “இத்தனை நாளா இதை வெறும் அழுக்குன்னு நெனச்சு மிதிச்சுக்கிட்டு இருந்தேம்மா” என்றாள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் நாங்கள் அவளுக்கு இதைச் செய்து காட்டவில்லை என்பது ஓர் ஆசிரியையாக என்னை உறுத்தியது.

விதைச் செய்முறையும் அதே அளவு நல்லது. ஐம்பது விதைகளை ஈரத்துணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்து, ஐந்தாம் நாள் பிரித்து எண்ணியதில் நாற்பத்து மூன்று முளைத்திருந்தன. முளைப்புத்திறன் 86 விழுக்காடு. ஆயிரம் செடி வேண்டும் என்றால் எத்தனை விதை ஊன்ற வேண்டும் என்ற அடுத்த கேள்விக்கு, 1163 என்று அவளே கணக்கிட்டாள். முளைவிட்டும் வேர் கோணிய நான்கு விதைகளை என்ன செய்வது, அவற்றை முளைத்தவையாக எண்ணலாமா என்று அவளுக்கு ஐயம் வந்தது. உண்மையான விதைப் பரிசோதனைக் கூடத்தில் இயல்பான நாற்று, இயல்பற்ற நாற்று என்று பிரித்து, இயல்பானதை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். பாடம் இதைச் சொல்லவே இல்லை. மாணவர் தாமாகவே சரியான கேள்வியை எட்டிவிட்ட இடத்தில் பாடம் அவரைக் கைவிட்டது வருத்தத்துக்குரியது.

ஐந்தாம், ஆறாம் வாரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ட்ரோன் பறக்கிறது, தானியங்கி இயந்திரம் களை எடுக்கிறது, இளைஞர் ஒருவர் கைப்பேசியைத் தொட்டதும் தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறது, பின்னணியில் இசை. அந்தக் கருவிகளை வாங்க எவ்வளவு முதல் வேண்டும், எத்தனை பரப்புக்கு மேல் வைத்திருந்தால் அவை கட்டுப்படியாகும், பழுதானால் யார் சரிசெய்வார் என்ற எதற்கும் இடமில்லை. கருவிகளைக் காட்டினால் இளையோர் வந்துவிடுவார்கள் என்று நினைப்பது அவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். இரண்டு வாரங்களிலும் என் மகள் ஒரு வரிகூடக் குறிப்பு எழுதவில்லை.

ஏழாம் வாரத்தில் மறுபடியும் பாடம் நிமிர்கிறது. இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் பூச்சி சூறையாடிய காலத்தில், பூச்சிமருந்தை மேலும் மேலும் அடித்ததால் அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் பிற நன்மை செய்யும் உயிர்களும் அழிந்து, தாக்குதல் இன்னும் கடுமையானது. 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளுக்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. 1989இலிருந்து ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒரு முறை உழவர்கள் வயலில் இறங்கி, பயிரையும் பூச்சிகளையும் எண்ணி, கண்டதைப் பெரிய தாளில் படமாக வரைந்து, மருந்து தேவையா இல்லையா என்று தாங்களே கூடி முடிவெடுப்பார்கள். இதை வெறும் கதையாகச் சொல்லி விடாமல், அருகில் உள்ள எந்தச் செடியையாவது தேர்ந்துகொண்டு மூன்று வாரம் அவ்வாறே வரையச் சொன்னார்கள். அவள் தேர்ந்தெடுத்த அவரைக்கொடியில் முதல் வாரம் நுனிக்கொழுந்து முழுக்க அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள். மருந்து அடிக்க வேண்டும் என்று எழுதினாள். இரண்டாம் வாரம் கைலென்ஸில் பார்த்தபோது, அசுவினிகளுக்கு நடுவே முதலையைப் போன்ற கருத்த சிறு புழுக்கள் ஊர்ந்தன. அவை பொறிவண்டின் புழுக்கள், அசுவினியைத் தின்பவை. மூன்றாம் வாரப் படத்தில் அசுவினி பெருமளவு குறைந்திருந்தது. முதல் வாரத் தாளில் தான் எழுதிய முடிவை அவள் அழிக்காமல், அதன் பக்கத்தில் தேதியிட்டுத் திருத்தம் எழுதினாள்.

இனி ஒன்பதாம் வாரம். இதற்காகவே இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பேன். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே, கணக்குப் பார்க்காமல் இருப்பதை ஒரு பண்பாடாக்கி வைத்திருக்கிறோம். இங்கே கணக்கைத்தான் முதலில் திறக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரூஃபஸ் ஸ்டிம்சன் என்ற கல்வியாளர் 1908ஆம் ஆண்டு வாக்கில் தம் வேளாண் பள்ளி மாணவர்களுக்கு, வீட்டு நிலத்தில் ஒரு திட்டத்தை எடுத்து நடத்தி, வரவு செலவை முறையாக எழுதிவரும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். அந்த முறையையே பின்பற்றி, சிறிய தக்காளித் தோட்டம் ஒன்றின் ஒரு பருவக் கணக்கை மாணவர்கள் கையால் எழுத வேண்டும். நாற்று, எரு, நீர்ப்பாசனம், அறுவடைக் கூலி, போக்குவரத்து, சந்தைத் தரகு என்று வரிசையாக எழுதிய பிறகு, பயிற்றுநர் ஒரு காலி வரியைக் காட்டி, உங்கள் வீட்டார் உழைத்த நாட்களுக்கான கூலி எங்கே என்று கேட்டார். என் மகள் அந்த வரியை விட்டிருந்தாள். நானும் கவனிக்கவில்லை.

எடுத்துக்காட்டுக் கணக்கில் வருமானத்தை 100 பங்கு என்று கொண்டால், கைவிட்டுப் போன செலவு 70 பங்கு, சொந்த உழைப்புக்குக் கூலி 18 பங்கு, மிச்சம் 12. அடுத்த தாளில் விற்பனை விலையை 15 விழுக்காடு குறைத்து எழுதச் சொன்னார்கள். வரவு 85 ஆகிறது, செலவு 88இலேயே நிற்கிறது, மூன்று பங்கு நட்டம். அறுவடைக் காலத்தில் சந்தை விலை இதைவிட அதிகமாக விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சொந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காத குடும்பத்துக்கோ, கையில் 15 பங்கு மீந்ததுபோல் தெரியும். உழைப்பு இலவசமாகப் போனது தெரியாது.

இந்தத் தாளைப் பார்த்ததும் அவள் மூட்டை கட்டிவிடுவாள் என்று அஞ்சினேன். நடந்தது வேறு. முதல் முறையாக வீடியோ முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், எந்த வரியைக் குறைக்கலாம் என்று பார்க்கத் தொடங்கினாள். பக்கத்துத் தோட்டத்தாரோடு சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் என்ன, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நடாமல் இரண்டு வார இடைவெளியில் பிரித்து நட்டால் விலை வீழ்ச்சி முழுவதும் தாக்காதே, தரம் பிரித்து விற்றால் எத்தனை பங்கு கூடும் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள். ட்ரோன் காணொளியால் வராத ஆர்வம், நட்டத்தைக் காட்டிய ஒரு தாளால் வந்தது. உண்மையை மறைக்காமல் முன்னால் வைத்தால் பிள்ளைகள் அதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். மறைத்தால் மட்டுமே அவர்களுக்கு அது பயமாக மாறுகிறது.

இத்தனை நேர்மையாகக் கணக்கைத் திறந்தவர்கள், நிலத்தைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. தக்காளிக் கணக்கில் குத்தகைக்கு ஒரு வரி இல்லை. நிலம் சொந்தம் என்பதே எழுதப்படாத அனுமானம். உலகில் உள்ள 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகளில் 84 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. அவை எல்லாம் சேர்ந்து வைத்திருப்பது உலக வேளாண் நிலத்தில் 12 விழுக்காடு அளவே, ஆனாலும் உணவில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. இந்த நிலையில், நிலமில்லாத வீட்டுப் பிள்ளை எப்படித் தொடங்குவது என்பது பாடத்தின் மையக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நேரலையில் ஒரு மாணவர் இதைக் கேட்டபோது, ஆர்வம் இருந்தால் வழி பிறக்கும் என்ற ஒரே வாக்கியத்தோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். கேட்ட பிள்ளையின் முகம் திரையின் ஓரத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் இல்லை. எழுத்துமூலக் குத்தகை எப்படிச் செய்வது, விளைச்சலில் பங்கு தரும் குத்தகையின் நன்மை தீமை என்ன, ஓய்வுபெறும் உழவரோடு சில பருவம் கூட்டாக நடத்தி மெல்ல ஏற்றுக்கொள்வது எப்படி என்று விளக்கலாம். பிரான்சில் 1960களிலிருந்து இயங்கும் சஃபேர் அமைப்புகள் விற்பனைக்கு வரும் வேளாண் நிலத்தை முன்னுரிமையில் வாங்கி, புதிதாகத் தொழில் தொடங்குவோர் உள்ளிட்டவர்களுக்கு மாற்றித் தருவதையும் எடுத்துக்காட்டலாம். ஒரு வாரம் முழுதும் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மேலே சொன்ன அமெரிக்க மாணவர் அமைப்பு பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1969இல்தான் என்று வரலாற்றுப் பாடத்தில் குறையாகச் சொல்கிறார்கள். ஆனால் அதே பயிற்சியின் எல்லாக் காணொளிகளிலும் பண்ணை நடத்துகிறவர் ஆண். பெண்கள் ஆய்வகத்திலும் பொதிகட்டும் இடத்திலும் மட்டுமே தோன்றுகிறார்கள். என் மகள் இதை ஆறாம் வாரத்திலேயே கவனித்துச் சொன்னாள்.

சேவைத் தரம் சுமார்தான். பெட்டி ஒன்பது நாள் தாமதமாக வந்தது. செயலி இரண்டு முறை விடைத்தாளை விழுங்கியது, முறையிட்ட பின் மீட்டுத் தந்தார்கள். தேர்வுகள் எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை என்பதால், அந்த அருமையான கணக்குத் தாளுக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. தொழில் ஆலோசகர் முதலில் கேட்டது மதிப்பெண்ணை. விதைச் சான்றளிப்பு, மண்ணியல், பயிர்ப் பாதுகாப்பு, உழவர்களுக்குப் புதிய முறைகளைக் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணி, குளிர்பதனச் சேமிப்பு என்று துறைகளை அடுக்கியவர், வெளியில் நின்று வேலை செய்யப் பிடிக்குமா, ஆய்வகத்தில் இருக்கப் பிடிக்குமா என்று அவளைக் கேட்கவே இல்லை. மண் குடுவையைப் பற்றி அவள் தானாகப் பேசிய பிறகுதான் உரையாடல் உருப்படியானது. மண்ணியல் சேர்ந்த வேளாண் பட்டப்படிப்புக்கு இப்போது விண்ணப்பித்திருக்கிறாள். பட்டியலில் அது முதல் வரி.

வேளாண் கல்வியா வேறு எதுவா என்று இரண்டு மனமாக இருக்கும் பதினாறு, பதினேழு வயதினருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன், பெற்றோரும் உடன் உட்கார முடியும் என்றால் இன்னும் நல்லது. ஏற்கெனவே குடும்பத்தோடு வயலில் உழைக்கும் பிள்ளைக்குப் பெட்டியும் ஒன்பதாம் வாரமும் போதும், மற்றவை தெரிந்தவையே. நிலமில்லாமல் உழவு செய்யவே விரும்புகிற ஒருவர், குத்தகை பற்றிய விளக்கத்தை வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். சேருகிறவர்களுக்கு ஒரு பயனுள்ள தகவல்: செயலியில் வாரங்கள் பூட்டப்படவில்லை. ஒன்பதாம் வாரத்தை முதல் நாளே திறந்து, தக்காளிக் கணக்கைக் கையால் எழுதி, குத்தகைக்கு ஒரு வரியை நீங்களே சேர்த்துக்கொண்ட பிறகு முதல் பாடத்துக்கு வாருங்கள்.